இறக்கத்துக்குப் போடுகிற டயர்

பெரிய டயர் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணே, இதைப் போட்டா ஏறும்ல?" ஏறும். இன்றைக்கு வருகிற டீசல் பிக்கப் எதுவும் போடி மெட்டு ஏற முடியாமல் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. இறங்குமா என்று கேட்டவர்கள்தான் குறைவு. கம்பத்தில் டயர் கடையும் வீல் அலைன்மெண்ட் பட்டறையும் வைத்துப் பிழைக்கிறவன் நான். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வண்டிக்கு எவ்வளவு பெரிய டயர் போடலாம் என்பதை இறக்கத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

நம் ஊர்களின் அமைப்பே அப்படி. மேற்கே ஏலமலை, கிழக்கே வருசநாட்டு மலையும் மேகமலையும், நடுவில் முல்லைப் பெரியாறு பாய்கிற வயல். போடியிலிருந்து போடி மெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. கம்பத்திலிருந்து கம்பம் மெட்டுக்கு ஒரு பாதை. கூடலூர் தாண்டி லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஒன்று. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு இன்னொன்று. விடிவதற்கு முன்னால் தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம், கூடலூர் பக்கத்து ஜீப்புகள் தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு மேலே போகும். பொழுது சாய இறங்கும். உரமும் அரிசியும் மேலே ஏறும். ஏலக்காய் போடிக்கும் புற்றடிக்கும் ஏல மையத்துக்கு வரும். காலையில் தெளிந்த மனசோடு ஏறுகிற டிரைவர்தான் சாயங்காலம் அசதியோடும் சுமையோடும், சில நாள் பனிமூட்டத்தோடும் இறங்குகிறார். டயர் உதவ வேண்டியது அந்த நேரத்துக்கு.

உயரமான வண்டி நமக்குப் புதிதில்லை. வில்லிஸ் நிறுவனத்தின் உரிமம் வாங்கி மகிந்திரா இங்கே கட்டிய பழைய ஜீப்பில் 6.00-16 டயர் இருக்கும். உயரம் 28 அங்குலத்துக்குச் சற்று மேல், அகலம் ஆறே அங்குலம். இன்றைய கண்ணுக்கு ஒல்லியாக, பார்க்கவே பாவமாக இருக்கும். ஆனால் அந்த ஒல்லி டயர் தோட்டத்துப் பாதையில் போகிறதைப் பார்க்க வேண்டும். மேலே இருக்கிற சேற்றை வெட்டிக்கொண்டு போய் அடியில் இருக்கிற கல்லைப் பிடிக்கும். நம் மலைப் பாதைகளில் சேறு பெரும்பாலும் ஒரு சாண் ஆழம்தான். அதற்குக் கீழே கெட்டித் தரை. அகலமான டயர் அந்தச் சேற்றுக்கு மேலேயே மிதந்து வழுக்கப் பார்க்கும். மணலுக்கும் பனிக்கும் அகலம் வேண்டும். கல்லும் களியும் கலந்த பாதைக்கு உயரம் வேண்டும். கொழுக்குமலைக்குப் போயிருக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். எஸ்டேட் இருப்பது தேனி மாவட்டம். வண்டிப் பாதை மட்டும் கேரளத்துச் சூரியநெல்லி வழியே. அந்தக் கல்லடுக்கில் கார் போகாது, ஜீப்தான் போகும். அங்கே ஓடுகிற ஜீப் டிரைவர்கள் யாரும் பத்தரை அங்குல அகல டயருக்கு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது ஆசை வேறு வழியில் வருகிறது. தார், இசுசு வி-கிராஸ், ஹைலக்ஸ், பொலேரோ கேம்ப்பர் என்று வண்டிகள் வந்துவிட்டன. முதலில் லிஃப்ட் கிட். லிஃப்ட் செய்தபின் பழைய டயர் சக்கரக் குழிக்குள் சின்னதாகத் தெரியும். உடனே டயர். டயர் உள்ளே தட்டுகிறது என்று வெளியே நீட்டிய ரிம். ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும். வாடிக்கையாளரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் பெரிய டயர் போட்ட வண்டியை நின்று பார்க்கிறவன்தான். ஆனால் எது எதை உயர்த்துகிறது என்பது மட்டும் தெளிவாக இருக்க வேண்டும்.

லிஃப்ட் கிட் உயர்த்துவது பாடியையும் சேஸிஸையும். பின்னால் பட்டை ஸ்பிரிங்கும் கட்டை அச்சும் உள்ள பிக்கப்பில், வண்டியின் மிகத் தாழ்ந்த இடம் பின் அச்சின் நடுவில் தொங்குகிற கிரவுன் கூடு. நீங்கள் பட்டையின் நுனியைச் சேஸிஸோடு இணைக்கிற சாக்கிளை நீளமாக்கினாலும், பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் கட்டை வைத்தாலும் அந்தக் கூடு ஒரு நூல்கூட உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான், அதுவும் டயர் வளர்ந்ததில் பாதி அளவு. கல்லில் அடி வாங்குவது கூடு என்பதால், லிஃப்ட்டைவிட டயருக்குச் செலவு செய்வதே சரி என்பேன். லிஃப்ட் என்பது டயருக்கு இடம் விடுவதற்கும், நெற்றியிலும் பின்புறத்திலும் மேடு தட்டாமல் இருப்பதற்கும் தேவையான அளவு போதும்.

கணக்கு எளிது, யாரும் போடலாம். டயரில் 255/60 ஆர் 18 என்று இருந்தால், அகலம் 255 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், அதாவது 153. ரிம் 18 அங்குலம், அதாவது 457. மேலும் கீழும் சுவர் சேர்த்து 306. மொத்தம் 763 மில்லிமீட்டர். இந்த அளவோடு வருகிற ஒரு பிக்கப்புக்கு 17 அங்குல ரிம் மாற்றி 265/70 போட்டால் 803. அதே ரிம்மில் 285/70 போட்டால் 831, கிட்டத்தட்ட 33 அங்குலம். முதல் மாற்றத்தில் கூடு 20 மில்லிமீட்டர் உயரும். இரண்டாவதில் 34. இந்த 14 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதுதான் பேச்சு.

விலையை மலையில்தான் கட்ட வேண்டும். 763-இலிருந்து 831 என்றால் ஒன்பது சதவீதம் பெரிய வட்டம். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 65-இல் போய்க்கொண்டிருக்கும். கிலோமீட்டர் கணக்கும் குறைவாகவே விழும். அது சின்ன விஷயம். ஒவ்வொரு கியரும் ஒன்பது சதவீதம் நீண்டுவிடும் என்பதுதான் பெரிய விஷயம். முன்பு செகண்டில் இழுத்த வளைவை இப்போது ஃபர்ஸ்டில் இழுக்க வேண்டியிருக்கும். ஏற்றத்தில் இது எரிச்சல், அவ்வளவுதான். இறக்கத்தில்? கியரில் பிடித்து இறக்குகிறபோது இன்ஜின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பலமும் அதே அளவு குறையும். செகண்டில் விட்டு வண்டி சொன்னபடி இறங்கிவந்த இடத்தில் இப்போது ஓடப் பார்க்கும். கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். பிரேக்கோ பழைய பிரேக்தான். கேலிப்பர் பிடிக்கிற பிடி மாறவில்லை. டயரின் ஆரம் கூடியதால் அந்தப் பிடி தரையில் வேலை செய்கிற பலம் குறைந்துவிட்டது. போதாததற்கு மட் டயரும் இரும்பு ரிம்மும் சேர்ந்தால் சக்கரத்துக்குச் சக்கரம் பல கிலோ கூடும். சுற்றுகிற எடை அது, அதையும் நிறுத்த வேண்டும்.

ஏறின கியரிலேயே இறங்கு என்பது நம் மலையில் பழைய டிரைவர்கள் சொல்லிக்கொடுக்கிற பாடம். பெரிய டயர் போட்டவர்கள் ஏறுகிறபோது ஃபர்ஸ்டுக்கு வந்துவிடுகிறார்கள், வேறு வழியில்லை. இறங்குகிறபோது பழைய பழக்கத்தில் செகண்டிலேயே விடுகிறார்கள். லோயர் கேம்ப்பில் வந்து நிறுத்தும்போது கருகிய வாடை அடிக்கும். அங்கே ஒரு நிமிஷம் இறங்கி, சக்கரத்தின் நடுவைத் தொடாமல் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். நாலு சக்கரமும் ஒரே மாதிரி அனல் வீசினால் ஓட்டுகிற முறையை மாற்ற வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தின் கேலிப்பரோ பேரிங்கோ ஏதோ சொல்கிறது. பிரேக் ஆயிலும் இதில் சேர்ந்தது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். டாட் 4-க்கு இதே அளவுகள் 230, 155. கொதித்தால் ஆயிலுக்குள் ஆவிக் குமிழ். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பெரிய டயர் போட்டு மலைக்குப் போகிறவர்கள் பிரேக் ஆயிலை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள் என்று நான் தனியாகச் சொல்லியே அனுப்புகிறேன். டயருக்கு லட்ச ரூபாய் கொடுத்துவிட்டு ஆயிலுக்கு யோசிக்கிறவர்களை என்ன செய்வது?

ஐஸ்லாந்தில் 38, 44 அங்குல டயர் போட்ட ஹைலக்ஸ்கள் பனிப்பாறை மேல் ஓடுகின்றன. அந்தப் படங்களைக் கைபேசியில் காட்டித்தான் நம் பிள்ளைகள் பேசுகிறார்கள். அந்த வண்டிகளில் கிரவுன்-பினியனையே மாற்றிக் கியரைக் கீழே கொண்டுவந்துவிடுவார்கள். மாற்றிய வண்டியைத் தனியாகச் சோதித்துப் பதிவு செய்கிற முறை அந்த நாட்டில் உண்டு. காற்றை இரண்டு மூன்று பவுண்டுக்கு இறக்கிப் பனி மேல் மிதக்கவிடுகிறார்கள். டயர் மட்டும் பெரிதானால் போதும் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. நம் பழைய சிஜே ஜீப்பில் கிரவுன் விகிதம் 5.38. சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஐந்தேகால் சுற்றுக்கு மேல் சுற்றும். அதனால்தான் அந்தச் சின்ன இன்ஜின் எதையும் இழுத்தது, எதையும் பிடித்து இறக்கியது. இப்போது வருகிற பிக்கப்புக்கு இங்கே அப்படிக் கிரவுன் மாற்றுகிற வழி சுலபத்தில் இல்லை. வழி இல்லாதவரை டயரில்தான் அடக்கம் வேண்டும். வட்டம் நாலைந்து சதவீதத்துக்கு மேல் வளரக் கூடாது என்பது நான் வைத்திருக்கிற எல்லை. இதற்குச் சட்டப் புத்தகத்தில் ஆதாரம் கேட்காதீர்கள், இறக்கத்தில் பார்த்ததுதான் ஆதாரம்.

வண்டன்மேட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற தம்பி ஒருவர் இரண்டு அங்குலம் லிஃப்ட் செய்த பிக்கப்போடு வந்தார்.

"அண்ணே, 33 போட்டுருவோம். லிஃப்ட் பண்ணியாச்சுல்ல, தட்டாது."

"நேரா நிக்கிறப்ப தட்டாதுப்பா. எறங்குறப்ப என்ன ஏத்துவ?"

"மூட்டை இருக்கும். நாலு ஆளு இருப்பாங்க."

"அப்ப லிஃப்ட் பண்ணுனதுல பாதி போயிரும்ல?"

யோசித்தார். பதில் சொல்லவில்லை. சரி, பார்த்துவிடுவோம் என்று கடையில் இருந்த 285 ஜோடி ஒன்றை முன்னால் மாட்டினோம். இந்தச் சோதனை எனக்குப் பிடித்த வேலை, எத்தனை முறை செய்தாலும் அலுக்காது. டயரின் இரண்டு தோள்களிலும் உள் பக்கச் சுவரிலும் சுண்ணக்கட்டியைக் குழைத்துப் பூச வேண்டும். வண்டியை மேடு பள்ளமான இடத்துக்கு ஓட்டிப்போய், முன்னால் ஒரு சக்கரத்தை மட்டும் கல் மேல் ஏற்றி நிறுத்த வேண்டும். அப்போது அந்தப் பக்க ஸ்பிரிங் முழுதாக அமுங்கும். பின்னால் மூட்டை ஏற்றி ஆளும் உட்கார வேண்டும். அப்படியே ஸ்டீரிங்கை இடது பக்கம் முழுசாக ஒடித்து, பிறகு வலது பக்கம் முழுசாக ஒடித்து, அதே நிலையில் மெதுவாக முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். நேராக நிற்கும்போது இரண்டு விரல் இடைவெளி இருந்தது என்பதெல்லாம் இங்கே செல்லாது. டயர் திரும்பும்போது அதன் பின் தோள் உள்ளே போகும், முன் தோள் வெளியே வரும்.

கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தோம். பிளாஸ்டிக் லைனரில் வெள்ளைக் கோடு, அதை எதிர்பார்த்ததுதான். லைனரைச் சூடு காட்டி உள்ளே தள்ளிவிடலாம், அது பெரிய குற்றமில்லை. அதற்குப் பின்னால், பாடி சேஸிஸோடு உட்காருகிற மவுண்ட்டின் விளிம்பில் அரை விரல் அகலத்துக்கு வெள்ளை. அது இரும்பு. அங்கே தட்டினால் டயரின் சுவர்தான் அறுபடும், அதுவும் கொண்டை ஊசி வளைவில், ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்த நேரத்தில், சுமையோடு. சில பட்டறைகளில் அந்த மவுண்ட்டை வெட்டி வேறு தகடு வைத்து வெல்டிங் அடிக்கிறார்கள். என் கடையில் அந்த வேலை கிடையாது. தம்பி தானே படுத்து அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். விரலில் ஒட்டிய வெள்ளையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "265-ஏ போடுங்கண்ணே" என்றார். வாயால் அரைமணி நேரம் பேசியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார்.

ரிம் விஷயத்தில் ஏமாறுவது இன்னும் சுலபம். கம்பெனி ரிம்மில் ஹப்போடு உட்காருகிற முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கம் தள்ளி இருக்கும். அதனால் டயர் உள்ளே அடங்கி நிற்கும். சுமை இரண்டு வீல் பேரிங்குக்கும் நடுவில் விழுகிற மாதிரி கணக்குப் போட்டு வைத்தது அது. அந்த முகம் நடுவுக்கு வந்தாலோ உள்ளே போனாலோ டயர் வெளியே நீட்டி நிற்கும். பார்க்க மிடுக்குதான். தண்ணீர் நிறைந்த வாளியை உடம்போடு ஒட்டிப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் பேரிங்குக்கு. ஸ்டீரிங்கும் மாறும்: ஒரு பக்கச் சக்கரம் கல்லில் இடித்தால் கையில் வெட்டி இழுக்கும். ஓரத்தில் தடுப்புச் சுவர் மட்டும் உள்ள பாதையில் அந்த வெட்டு எந்தப் பக்கம் என்பது முக்கியம். வெளியே நீட்டிய டயர் சேற்றையும் கல்லையும் கதவு முழுக்க வீசும், பின்னால் வருகிற பைக்காரர் முகத்திலும் வீசும். ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் வைக்கிற ஸ்பேசர் கேட்டு வருகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

ஐந்து போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம் என்பது பழைய ஜீப்பிலிருந்து பொலேரோ, ஜிப்ஸி வரை வருகிறது. அதனால் எல்லா ரிம்மும் எல்லாவற்றுக்கும் சேரும் என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. போல்ட் ஓட்டை சேர்ந்தால் போதாது. நடு ஓட்டை ஹப்பின் மேல் சரியாக உட்கார வேண்டும். இல்லாவிட்டால் வண்டியின் எடையை நட்டுகள்தான் தாங்கும். நட்டின் முகம் கூம்பா தட்டையா என்று பார்க்க வேண்டும். கூம்பு நட்டுக்கான இருக்கையில் தட்டை நட்டைப் போட்டால் அன்றைக்கு இறுகும், ஒரு வாரத்தில் தளரும். தடித்த அலாய் ரிம் போட்டால் போல்ட் மரை எவ்வளவு உள்ளே பிடிக்கிறது என்பதை எண்ண வேண்டும். போல்ட்டின் விட்டம் அளவுக்காவது நட்டு மரையேறி இறங்க வேண்டும். கடைசியாக, முறுக்கு. ஸ்பேனரில் பைப் மாட்டி ஏறி மிதிக்கிற பழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. டார்க் ஸ்பேனரில் எதிரெதிர் நட்டாக, வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுக்கு முறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி வரச் சொல்கிறேன். அப்படி வந்தால் அதற்குக் காசு வாங்குவதில்லை. ஆனாலும் பாதிப் பேர் வருவதில்லை.

முன் அச்சும் கட்டையாக உள்ள பழைய ஜீப்புகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முன் சாக்கிளை நீளமாக்கினால் அச்சு முன்பக்கம் சாயும். கிங்பின் பின்னால் சாய்ந்து நிற்கிற அளவு குறையும். வளைவு முடிந்ததும் ஸ்டீரிங் தானாக நேராவது அந்தச் சாய்வால்தான். அது குறைந்தால் வண்டி ரோட்டில் நாலு பக்கமும் அலையும். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் சரியான கோணத்தில் ஆப்பு வைத்துத் திருத்தலாம். அதை வைக்காமல் லிஃப்ட் மட்டும் செய்துவிட்டு, அலைன்மெண்ட்டில் டோ-வை மட்டும் திருத்தச் சொல்லி வருகிறவர்களுக்கு எந்த மெஷினும் உதவாது. பிரேக் ஹோஸ் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது இழுபடுகிறதா என்பதை ஜாக்கி போட்டுப் பார்த்துவிட வேண்டும். ஹெட்லைட்டை எல்லோரும் மறக்கிறார்கள். மூக்கு உயர்ந்தால் வெளிச்சமும் உயரும். குமுளி பனிமூட்டத்தில் எதிரே வருகிற பஸ் டிரைவருக்கு நீங்கள் ஒரு வெள்ளைச் சுவர். திருகைத் திருப்பி வெளிச்சத்தைக் கீழே இறக்கப் பத்து நிமிஷம் ஆகும்.

காற்று பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு, மலை ஏறினால் காற்று கூடிவிடும், அதனால் கீழே குறைத்துவிட்டுப் போக வேண்டும் என்று. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் ஒன்றரைப் பவுண்டு கூடுதலாகக் காட்டும் என்பது உண்மை. மேலே குளிர்வதால் ஒரு பவுண்டு போல இறங்கும் என்பதும் உண்மை. இரண்டும் ஏறக்குறைய சரிக்கட்டிக்கொள்ளும். குறைக்க வேண்டியது கல் பாதைக்கு, அதுவும் மெதுவாகப் போகும்போது மட்டும். தார் ரோட்டுக்குத் திரும்பும் முன் ஏற்றிக்கொள்ள கையடக்க கம்ப்ரஸர் இருந்தால்தான் குறைக்கலாம். குறைந்த காற்றோடு சுமை ஏற்றி மெட்டு இறங்கினால் பெரிய டயரின் உயரமான சுவர் வளைவில் மடியும், சூடேறும். டயர் வாங்கும்போது சுவரில் உள்ள சுமை எண்ணையும் பாருங்கள்: 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 112 என்றால் 1,120. பழைய டயரில் இருந்ததைவிட அந்த எண் குறையக் கூடாது. அளவு பெரிதாக இருந்தாலும் கார் வகை டயரில் அது குறைவாக இருக்கலாம். டயர் செய்த காலத்தைச் சொல்கிற நாலு இலக்கமும் சுவரில் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்தது. பாதி விலைக்குக் கிடைக்கிற மட் டயர்களில் அந்த எண்ணை முதலில் படியுங்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில், இப்படிச் செய்கிற உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. நம் வண்டிகள் தினமும் எல்லை தாண்டுகின்றன. கேரள அதிகாரிகள் இதில் கண்டிப்பானவர்கள். கடைக்காரன் நானே இதைச் சொன்னால் வியாபாரம் கெடும் என்று நண்பர்கள் திட்டுகிறார்கள். நான் முதலில் காட்டுவது அந்த வண்டியின் மேல் ரகத்துக்குக் கம்பெனியே போட்டுத் தருகிற அளவைத்தான். தாருக்கு 245/75 ஆர் 16, 255/65 ஆர் 18 என்று இரண்டு அளவு கம்பெனியிலிருந்தே வருகிறது. இரண்டுக்கும் உயரத்தில் 15 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கல் பாதைக்குச் சுவர் உயரமான 16 அங்குல ரிம் நல்லது என்பேன், வாங்குகிறவர்கள் 18-ஐத்தான் பார்க்கிறார்கள். அதைத் தாண்டிப் போகிறவர்கள், விபத்தில் இன்சூரன்ஸ்காரர் முதலில் அளக்கப்போவது டயரைத்தான் என்பதைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

ஸ்டெப்னியையும் இதே அளவில் வாங்க வேண்டும். பெரிய டயர் வண்டியின் அடியில் உள்ள கொக்கியில் அடங்காது. டெக்கில் கிடத்தினால் சுமைக்கு இடம் போகும். பழைய சின்ன டயரையே ஸ்டெப்னியாக வைத்துக்கொண்டு நாலு சக்கர இழுவையைப் போட்டால் கியர் பெட்டி இரண்டு அளவுக்கும் நடுவில் மாட்டித் திணறும். ஐந்து டயருக்குப் பணம் இல்லையென்றால் அளவைக் குறைத்துக்கொள்வது நல்லது.

பெரிய டயர் போட வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவித் துடைத்துக் காலியாகக் கொண்டுவராதீர்கள். வழக்கமாக என்ன ஏற்றிக்கொண்டு மெட்டு இறங்குவீர்களோ, அந்த மூட்டைகளையும் கூட வருகிற ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள். அப்படி வந்தால்தான் உங்கள் வண்டிக்கு எந்த டயர் என்று என்னால் சொல்ல முடியும்.